ஸ்டேஷன் பீரோவில் ஒரு பாஸ்போர்ட்

கேள்வி: என் கணவர் மஸ்கட்டில் டிரைவர். லீவில் ஊருக்கு (தென்காசி பக்கம்) வந்திருந்தபோது வரப்புத் தகராறில் பெரியப்பா மகனோடு கைகலப்பாகி, எஃப்.ஐ.ஆர். போட்டுவிட்டார்கள். ஜாமீனில் இருக்கிறார். விசாரணைக்குப் போன அன்று எஸ்.ஐ. பாஸ்போர்ட்டை வாங்கி பீரோவில் வைத்துவிட்டார். வாங்கியதற்குச் சீட்டு எதுவும் தரவில்லை. மூன்று மாதமாகக் கேட்கிறோம், "கேஸ் முடியட்டும்" என்கிறார். பாஸ்போர்ட்டும் ஐந்து மாதத்தில் காலாவதியாகிறது. கேஸ் இருந்தால் புதுப்பிக்க மாட்டார்களாமே? தொலைந்துபோனதாக எழுதிக் கொடுத்தால் புதிதாகவே வாங்கிவிடலாம் என்கிறார் ஒரு ட்ராவல்ஸ்காரர். என்ன செய்வது?

பதில்: முதலில் அந்த ட்ராவல்ஸ்காரர் விஷயம். அந்தப் பக்கமே போகாதீர்கள், சகோதரி. பாஸ்போர்ட் எங்கே இருக்கிறது என்று தெரிந்துகொண்டே தொலைந்துவிட்டதாக எழுதிக் கொடுத்து வேறொன்று வாங்குவது, பாஸ்போர்ட் சட்டம் 12-ஆம் பிரிவின்படி தனிக் குற்றம். இரண்டு வருடம் வரை சிறை. இப்போது இருப்பது சொந்தக்காரர்களுக்குள் அடிதடி கேஸ். காயம் சிறியதென்றால் சமாதானமாகவே போகலாம். இதோடு அரசாங்கத்தை ஏமாற்றிய கேஸும் சேர்ந்தால் யாரிடம் போய் நியாயம் கேட்பீர்கள்?

சரி, எஸ்.ஐ. வைத்துக்கொள்ளலாமா? கூடாது. 2008-இல் சுரேஷ் நந்தா எதிர் சி.பி.ஐ. வழக்கில் உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவாகச் சொல்லிவிட்டது. புலன் விசாரணைக்குத் தேவையென்றால் போலீஸ் ஒரு பொருளைக் கைப்பற்றலாம். ஆனால் கைப்பற்றுவது வேறு, முடக்கி வைப்பது வேறு. எடுத்த பாஸ்போர்ட்டைத் திருப்பித் தராமல் வைத்துக்கொண்டே இருந்தால் அது முடக்கம். அந்த அதிகாரம் பாஸ்போர்ட் சட்டம் 10(3)-இன்படி பாஸ்போர்ட் அதிகாரிக்கு மட்டுமே உண்டு. முடக்கியே ஆகவேண்டும் என்று எஸ்.ஐ. நினைத்தால் பாஸ்போர்ட் ஆபீசுக்கு எழுதட்டும். அவர்கள் உங்கள் கணவர் சொல்வதையும் கேட்டு முடிவெடுப்பார்கள்.

அப்புறம், சீட்டு தரவில்லை என்கிறீர்களே, அது உங்கள் பக்கத்துக்குப் பெரிய பலம். கைப்பற்றினால் மகஜர், அதாவது எடுத்த பொருளைச் சாட்சிகள் முன்னிலையில் குறிக்கும் பட்டியல், எழுத வேண்டும். உடனே மாஜிஸ்திரேட்டுக்குத் தெரிவிக்க வேண்டும் என்கிறது புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டமான பி.என்.எஸ்.எஸ். பிரிவு 106. அதுவும் வரப்புச் சண்டையில் பாஸ்போர்ட் எதற்குச் சாட்சி? மண்வெட்டியை எடுத்துப் போயிருந்தால் எனக்குப் புரியும்.

‘கேட்டு முடிவெடுக்க வேண்டும்’ என்றேன் அல்லவா, அது அவ்வளவு சுலபமாக வந்ததில்லை. 1967 வரை பாஸ்போர்ட்டுக்கு நம் நாட்டில் முறையான சட்டமே கிடையாது. அரசு நினைத்தால் தரும், நினைத்தால் பிடுங்கும். அந்த ஏப்ரலில் சத்வந்த் சிங் சாஹ்னி என்ற வியாபாரியின் வழக்கில், வெளிநாடு போவதும் ஒருவரின் சுதந்திரத்தில் அடக்கம், சட்டமில்லாமல் தடுக்க முடியாது என்று உச்ச நீதிமன்றம் சொன்னது. ஜூன் மாதத்துக்குள் பாஸ்போர்ட் சட்டம் வந்துவிட்டது.

ஆனால் ‘சட்டம்’ என்று ஒன்று இருந்தால் மட்டும் போதுமா? 1950-இல், சென்னை மாநிலச் சிறையில் தடுப்புக் காவலில் இருந்த கம்யூனிஸ்ட் தலைவர் ஏ.கே.கோபாலன் வழக்கில், போதும் என்றுதான் பெரும்பான்மை நீதிபதிகள் சொன்னார்கள். சட்டசபையோ பாராளுமன்றமோ நிறைவேற்றிய சட்டம் என்றால் அது நியாயமான நடைமுறையா என்று கோர்ட் கேட்காது. 28 வருடம் கழித்து இந்திரா காந்தியின் மருமகள் மேனகா காந்தியின் பாஸ்போர்ட்தான் அதை மாற்றியது. 1977 ஜூலையில் டெல்லி பாஸ்போர்ட் ஆபீசிலிருந்து அவருக்கு ஒரு கடிதம்: பொதுநலன் கருதி உங்கள் பாஸ்போர்ட்டை முடக்க அரசு முடிவு செய்திருக்கிறது, ஏழு நாளில் ஒப்படையுங்கள். காரணம் கேட்டார். பொதுமக்கள் நலன் கருதிக் காரணம் சொல்வதற்கில்லை என்று பதில் வந்தது. 1978 ஜனவரி 25 அன்று ஏழு நீதிபதிகள் தீர்ப்பு சொன்னார்கள். ஒருவரின் உயிரையும் சுதந்திரத்தையும் சட்டப்படியான நடைமுறை இல்லாமல் பறிக்கக் கூடாது என்கிறது அரசியலமைப்பின் 21-ஆம் பிரிவு; அந்த நடைமுறை நியாயமாக இருக்க வேண்டும். மனம் போனபடி இருக்கக் கூடாது. சம்பந்தப்பட்டவரின் பேச்சைக் கேட்க வேண்டும். (மாறுபட்டு எழுதியவர் சென்னை உயர் நீதிமன்றத் தலைமை நீதிபதியாக இருந்து போன பி.எஸ்.கைலாசம்.)

இந்தத் தீர்ப்பைப் பற்றி மேடையில் பேசுபவர்கள் ஒன்றைச் சொல்வதில்லை. அன்று மேனகா காந்தியின் கைக்குப் பாஸ்போர்ட் திரும்பி வரவில்லை. அவர் தரப்பைக் கேட்டு மறுபடி முடிவெடுக்கிறோம் என்று மத்திய அரசின் தலைமை வழக்கறிஞரான அட்டர்னி ஜெனரல் உறுதி கொடுத்ததால், முடக்கிய உத்தரவை ரத்து செய்யாமலே கோர்ட் வழக்கை முடித்தது. அதனால்தான் உங்களுக்குச் சொல்கிறேன்: மேனகா தீர்ப்பின் நகலை எஸ்.ஐ. மேசையில் வைத்து வாதாடிப் பலனில்லை. உங்களுக்கு வேலைக்கு ஆவது அதிகம் பேர் பேசாத அந்த 2008 தீர்ப்பும் ஒரு மனுவும்தான்.

மனுவுக்கு முன்னால் ஜாமீன் உத்தரவை ஒருமுறை எழுத்தெழுத்தாகப் படியுங்கள். பாஸ்போர்ட்டை ஒப்படைக்க வேண்டும் என்ற நிபந்தனை அதில் இருந்தால் கதை வேறு. ஜாமீன் தந்த கோர்ட்டிலேயே நிபந்தனையைத் தளர்த்தக் கேட்க வேண்டும். தினமும் ஸ்டேஷனில் கையெழுத்துப் போடும் நிபந்தனை இருந்தாலும் அப்படித்தான். அதை மாற்றாமல் விமானம் ஏறினால் ஜாமீனே போய்விடும்.

அப்படி எதுவும் இல்லையென்றால், எந்தத் தேதியில் யார் வாங்கினார் என்று குறிப்பிட்டு, திருப்பித் தரும்படி இன்ஸ்பெக்டருக்கு ஒரு மனு எழுதி ஸ்பீட் போஸ்டில் அனுப்புங்கள். நகலை எஸ்.பி. அலுவலகத்துக்கும் அனுப்புங்கள். பாதி நேரம் இதிலேயே பீரோ திறந்துவிடும். திறக்காவிட்டால் மாஜிஸ்திரேட் கோர்ட்டில் பி.என்.எஸ்.எஸ். 503-இன் கீழ் பொருளைத் திரும்பக் கேட்டு மனு. ‘அப்படி எதையும் வாங்கவே இல்லை’ என்று போலீஸ் அங்கே சொன்னால், உயர் நீதிமன்ற மதுரைக் கிளையில் ரிட் மனு (அரசு அதிகாரிக்கு நேரடியாக உத்தரவிடக் கேட்கும் மனு) போடலாம்.

புதுப்பிப்பதற்கு வருவோம். பாஸ்போர்ட் சட்டம் 6(2)(எஃப்), ‘குற்றவியல் நீதிமன்றத்தில் நிலுவையில் உள்ள’ வழக்கைத்தான் தடையாகச் சொல்கிறது. எஃப்.ஐ.ஆர். ஸ்டேஷனில் இருப்பது, கோர்ட்டில் நிலுவையில் இருப்பதாகாது. குற்றப்பத்திரிகை தாக்கலாகி, கோர்ட் அதைக் கோப்புக்கு எடுத்த பிறகுதான் அந்தத் தடையே வரும். வெளியுறவு அமைச்சகமே 2019-இல் தன் அலுவலகங்களுக்கு அப்படித்தான் எழுதியிருக்கிறது. குற்றப்பத்திரிகை போட்டாயிற்றா என்று இ-கோர்ட்ஸ் தளத்தில் எஃப்.ஐ.ஆர். எண்ணைக் கொண்டு பார்க்கலாம். போட்டிருந்தாலும் பயப்பட வேண்டாம். விசாரிக்கும் கோர்ட்டில் அனுமதி உத்தரவு வாங்கி வந்தால் பாஸ்போர்ட் தரலாம் என்று 1993 ஆகஸ்டிலேயே அறிவிக்கை இருக்கிறது. உத்தரவில் எத்தனை வருடம் என்று எழுதி வாங்குங்கள். எழுதாவிட்டால் ஒரு வருடப் பாஸ்போர்ட்தான் கிடைக்கும். அடுத்த வருடம் மறுபடி அலைய வேண்டும்.

விண்ணப்பத்தில் கேஸ் விவரம் கேட்கும் இடத்தில் உள்ளதை அப்படியே எழுதுங்கள். போலீஸ் வெரிஃபிகேஷனில் பாதகமாக அறிக்கை போனால், மதுரை பாஸ்போர்ட் ஆபீசிலிருந்து விளக்கம் கேட்டுக் கடிதம் வரும். அதற்கு எஃப்.ஐ.ஆர். நகல், ஜாமீன் உத்தரவு இரண்டையும் வைத்துப் பதில் அனுப்புங்கள். சும்மா விட்டால் ஃபைலை மூடிவிடுவார்கள். மறுத்தால் காரணத்தை எழுத்தில் கேளுங்கள். தர வேண்டியது அவர்கள் கடமை. அதைக் கையில் வைத்துக்கொண்டு 30 நாளுக்குள் அப்பீல் போக வேண்டும்.

இன்றைக்கே செய்ய வேண்டியது ஒன்று. பாஸ்போர்ட்டின் முதல், கடைசிப் பக்கங்களின் ஜெராக்ஸோ, போனில் எடுத்த படமோ உங்களிடம் இருக்கிறதா என்று தேடுங்கள். இல்லையென்றால் மஸ்கட் கம்பெனியிடம் நிச்சயம் நகல் இருக்கும், கேட்டு வாட்ஸ்அப்பில் வாங்குங்கள். மனுவில் பாஸ்போர்ட் எண் இல்லாமல் கோர்ட்டில் நிற்க முடியாது.