கேளுங்கள்: ரயிலில் வந்த கண்காட்சிக்கு அரசுப் பணம் எதற்கு?

கேள்வி: முன்பு 'சயின்ஸ் எக்ஸ்பிரஸ்' என்று ஒரு ரயில் ஊர் ஊராகச் சுற்றியதே, அதற்கு மக்கள் வரிப்பணத்தைச் செலவழித்தது சரியா? நகரங்களில்தான் அறிவியல் மையங்கள் இருக்கின்றனவே. (ஒரு வாசகர், தென்காசி)

பதில்: சரிதான் என்பேன், தயக்கமே இல்லை. அறிவியல் மையம் நகரத்தில் இருக்கிறது, ஆனால் அங்கே போக பஸ் செலவு, சாப்பாடு, வாத்தியாரின் ஒரு நாள் என்று எல்லாம் சேர்ந்தால் சின்ன ஊர்ப் பள்ளிக்கூடம் கை விரித்துவிடும். இந்த ரயிலோ பிள்ளைகள் இருக்கும் ஊரின் ஸ்டேஷனுக்கே வந்தது. 2007 அக்டோபரில் டெல்லியில் மன்மோகன் சிங்கும் ஜெர்மனியின் ஏங்கலா மெர்க்கலும் கொடியசைத்துத் தொடங்கிவைத்தார்கள். 16 பெட்டிகள், அனுமதி இலவசம். மத்திய அறிவியல் தொழில்நுட்பத் துறையின் திட்டம். 2012 முதல் சுற்றுச்சூழல் அமைச்சகமும் சேர்ந்துகொள்ள, முதலில் பல்லுயிர் வளம், 2015-லிருந்து பருவநிலை மாற்றம் என்று பெட்டிகளுக்குள் விஷயமே மாறியது.

ஒரு பெட்டியில் பிள்ளைகள் தாங்களே சோதனை செய்து பார்க்க ஆய்வுக்கூடம் வைத்திருந்தார்கள், எனக்கு மிகவும் பிடித்தது அதுதான். டிக்கெட் போட்டு லாபம் பார்க்க நினைக்கும் யாரும் இதைச் சின்ன ஊருக்குக் கொண்டுவர மாட்டார்கள், அதனால்தான் அரசு பணம் போட வேண்டும் என்கிறேன். 2017-க்குப் பிறகு அந்த ரயில் ஓடவில்லை. பருவநிலை பற்றி முன்னைவிட அதிகம் பேச வேண்டிய நேரத்தில் அது நின்றுபோனது எனக்கு வருத்தம்தான். அப்புறம், கணக்கு கேட்பதும் உங்கள் உரிமை. எந்த ஊருக்கு எவ்வளவு செலவானது என்று தகவல் உரிமைச் சட்டத்தில் தாராளமாக எழுதிக் கேளுங்கள்.