நிச்சயதார்த்தப் படத்துக்குக் காசு கேட்கலாமா?

கேள்வி: கேமரா வாங்கி ஒன்றரை வருடம் ஆகிறது. சொந்தக்காரர்கள் வீட்டுக் காதுகுத்து, பிறந்தநாள் எல்லாம் சும்மாதான் எடுத்துக் கொடுத்தேன். இப்போது அப்பாவோடு வேலை பார்ப்பவர் தன் மகளின் நிச்சயதார்த்தத்துக்குக் கூப்பிடுகிறார். பணம் கேட்கலாமா, இல்லை இன்னும் கொஞ்ச நாள் பழகட்டுமா?
- வாசகர், கரூர்

பதில்: பழகியது போதுமா என்பதை உங்களுடைய நல்ல படங்களை வைத்து முடிவு செய்யாதீர்கள் தம்பி. மொட்டை மாடியில் சாயங்கால வெயிலில் யார் எடுத்தாலும் நன்றாகத்தான் வரும். மண்டபத்தில் கலர் லைட்டு மாறி மாறி முகத்தில் அடிக்கும், வீடியோக்காரர் தன் பங்குக்கு ஒரு லைட்டைத் தூக்கிப் பிடிப்பார், தட்டு மாற்றுகிற அந்த அரை நிமிடத்தில் சித்தப்பா ஒருவர் செல்போனோடு குறுக்கே வந்து நிற்பார். அப்போதும் தட்டும் முகங்களும் ஃபோகஸில் இருக்கிற படம் ஒன்றாவது கையில் இருக்கும் என்று உங்களால் சொல்ல முடிந்தால், தாராளமாகக் காசு கேளுங்கள்.

முடியாது என்று தோன்றினால் இலவசமாகவும் ஒத்துக்கொள்ளாதீர்கள். உங்களை நம்பி அவர்கள் வேறு ஆள் வைத்திருக்க மாட்டார்கள், படம் சொதப்பினால் சும்மா எடுத்தது என்று யாருக்கும் மனசு ஆறாது. அனுபவமுள்ள ஒருவருடன் இரண்டாவது கேமராவாக நாலைந்து விசேஷங்களுக்குப் போய் வாருங்கள், அதற்கும் செலவுக்காவது பணம் வாங்கிக்கொள்ளுங்கள்.

தொகையை மண்டபத்தில் நிற்கிற மூன்று மணி நேரத்துக்கு மட்டும் கணக்குப் போட்டு விடாதீர்கள். நூற்றுக்கணக்கான படங்களில் நல்லதைப் பொறுக்கி, கலர் சரி செய்ய இரண்டு ராத்திரி போய்விடும். அதோடு போக்குவரத்து, ஃப்ளாஷ் வாடகை, கூடுதல் மெமரி கார்டு. உங்கள் ஊர் ஸ்டூடியோக்காரர் என்ன வாங்குகிறார் என்று விசாரியுங்கள், அதில் பாதிக்கும் கீழே இறங்கி அவர் பிழைப்பைக் கெடுக்க வேண்டாம். அப்பாவுக்காகக் குறைப்பதென்றால் முழுத் தொகையைச் சொல்லிவிட்டுக் குறையுங்கள், அடுத்து வருபவரும் குறைத்த தொகையையே கேட்காமல் இருப்பார்.

அப்புறம், புதிதாக வருகிறவர்கள் பலர் கவனிக்காத ஒன்று. 1957ஆம் ஆண்டு பதிப்புரிமைச் சட்டத்தின் 17ஆவது பிரிவுப்படி, ஒருவர் கேட்டுக்கொண்டதற்காகப் பணம் வாங்கிக்கொண்டு நீங்கள் எடுத்த படத்துக்கு, வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால் பதிப்புரிமையின் முதல் உரிமையாளர் எடுக்கச் சொன்னவர்தான், எடுத்தவர் இல்லை. ஆகவே இன்ஸ்டாகிராமில் போட ஆசை இருந்தால் முதலிலேயே கேட்டுவிடுங்கள். தொகை, அட்வான்ஸ், எத்தனை படம், எந்தத் தேதிக்குள் என்பதோடு இதையும் சேர்த்து ஒரே வாட்ஸ்அப் மெசேஜாக அனுப்பி, 'சரி' என்று பதில் வாங்கிக்கொள்ளுங்கள். அப்பா வழியாகச் சொல்லி அனுப்பாதீர்கள், நீங்களே பேசுங்கள். படம் போடுவது பற்றிப் பெண்ணிடமும் மாப்பிள்ளையிடமும் தனியாக ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.