செம்போத்தும் கோழிக்கடையும்: ஆதிப் பறவை வரைவோர் கேள்விகள்

போன இதழில் "ஆதிகாலப் பறவை ஒன்றை வரைந்து அனுப்புங்கள்" என்று போகிற போக்கில் கேட்டு வைத்தேன். இந்த மாதம் வந்த படங்களில் பாதிக்குப் பல் முளைத்திருக்கிறது. கூடவே கேள்விகளும்.

கே: ஆர்க்கியாப்டெரிக்ஸுக்குப் பஞ்சவர்ணக்கிளி மாதிரி வண்ணம் கொடுத்தேன். சரிதானே? எந்தப் பறவையைப் பார்த்து வரைந்தால் நன்றாக வரும்?
கல்லூரி மாணவி, திண்டுக்கல்

ப: படம் அழகாகத்தான் இருக்கிறது. ஆனால் ஆர்க்கியாப்டெரிக்ஸ் என்கிற, பல்லும் இறகும் கொண்ட இந்த ஆதிப் பறவையின் நிறம் பற்றிக் கொஞ்சம் தடயம் உண்டு. ஜெர்மனியின் பவேரியாவில், சோல்ன்ஹோஃபன் சுண்ணாம்புக் கல்லில் கிடைத்த ஒற்றை இறகைப் பற்றி 1861-இல் எழுதினார்கள். வயது சுமார் 15 கோடி ஆண்டு. அதை எலக்ட்ரான் நுண்ணோக்கியில் வைத்து, உள்ளே தங்கியிருந்த நிறமித் துகள்களின் வடிவத்தை இன்றைய பறவைகளின் இறகுகளோடு ஒப்பிட்டு, இறகு கருப்பு என்று 2012-இல் சொன்னார்கள். ஒரு இறகு கருப்பு என்பதால் பறவையே கருப்பு என்று ஆகிவிடாது, கொண்டலாத்தியின் ஒரே ஒரு இறகு கையில் கிடைத்தவருக்கு அதன் கொண்டை எப்படித் தெரியும்? இருந்தாலும் இறக்கையில் கருப்பு நன்றாகவே தெரியட்டும்.

மாதிரிக்குக் கிளி வேண்டாம், செம்போத்தைப் பாருங்கள். அளவும் கிட்டத்தட்ட அதேதான், அரை மீட்டர். பறப்பதில் பெரிய சூரன் இல்லை, வேலியோரம் தரையில் நடந்து இரை தேடும், புதருக்குள் கிளைக்குக் கிளை ஏறும், வேறு வழியில்லாதபோது நாலு தடவை சிறகடித்துவிட்டு அப்படியே சறுக்கிப் போகும். அந்த நடையை, குனியும் விதத்தை, உடல் பாரத்தை எடுத்துக்கொள்ளுங்கள். வாலை மட்டும் எடுக்காதீர்கள். செம்போத்தின் வால் இறகுகள் எல்லாம் ஒரு குட்டை முண்டிலிருந்து விரிகின்றன. ஆர்க்கியாப்டெரிக்ஸுக்கு இருபதுக்கு மேல் எலும்பு கோத்த நீண்ட வால், அதன் இரு பக்கமும் வரிசையாக இறகு, அதாவது தென்னங்கீற்று. உங்கள் படத்தில் இருப்பது பனை ஓலை!

கே: இறக்கையில் நகம் வைத்தால் மனிதக் கையை ஒட்டவைத்த மாதிரி ஆகிவிடுகிறது. நாலு தாள் கிழித்துவிட்டேன்.
பள்ளி ஆசிரியர், தஞ்சாவூர்

ப: நானும் கிழித்தவன்தான், கடைசியில் கற்றுக்கொண்டது கோழிக்கடையில். தோலோடு, நுனியை வெட்டாமல் ஒரு இறக்கை கேளுங்கள். "நுனியில கறியே இருக்காதே சார்" என்பார் கடைக்காரர், பரவாயில்லை, வாங்கி வந்து மேசையில் வைத்து மடக்கி விரித்துப் பாருங்கள். தோள், முழங்கை, மணிக்கட்டு எல்லாம் நமக்கு இருப்பதுபோலவே இருக்கும். மணிக்கட்டைத் தாண்டியிருப்பதுதான் கை. பெரிய இறகுகள் முளைத்திருந்த குழிகள் அந்தக் கையிலும் முன்கையிலும் வரிசையாகத் தெரியும். மணிக்கட்டுக்குப் பக்கத்தில் கட்டைவிரல் மாதிரி ஒரு குட்டி முண்டு துருத்தும், சில கோழிகளுக்கு அதன் நுனியில் சின்ன நகமே உண்டு, விரலால் தடவினால் குத்தும்.

இப்போது உங்கள் தவறு புரிந்திருக்கும். இறக்கை முடிந்த பிறகு அதன் நுனியில் கை தொடங்குவதாக வரைகிறீர்கள். கைதான் இறக்கையே. ஆர்க்கியாப்டெரிக்ஸுக்கு மூன்று விரல், நீண்ட இறகுகள் நடுவிரலில் சாய்ந்து நிற்கும், ஆகவே நகங்கள் இறக்கையின் முன் ஓரத்தில் எட்டிப் பார்த்தால் போதும், எதையும் பிடிக்கப் போகிற பாவனை வேண்டாம். உயிரோடு பார்க்க வேண்டுமென்றால் தென் அமெரிக்காவின் ஹோட்சின் என்ற பறவையின் குஞ்சு வீடியோ தேடுங்கள். ஒவ்வொரு இறக்கையிலும் இரண்டு நகம் இருக்கும். ஆபத்து வந்தால் கூட்டிலிருந்து தண்ணீரில் குதித்து நீந்தி, அந்த நகங்களால் கிளையைப் பற்றி மறுபடி மேலே ஏறும். வளர்ந்ததும் நகம் போய்விடும்.

கே: ஹெஸ்பெரோர்னிஸ் பாறைமேல் நீர்க்காகம் போலச் சிறகு விரித்துக் காய்வதாக வரைந்தேன். நண்பர் சிரிக்கிறார். ஏன்?
வாசகர், நாகர்கோவில்

ப: நண்பரிடம் கோபிக்காதீர்கள். அந்தப் பறவைக்கு விரிக்கச் சிறகே இல்லை. மேற்கை எலும்பு மட்டும் குச்சியாக மிஞ்சியிருந்தது, அவ்வளவுதான். அமெரிக்காவின் கான்சாஸ் கடலாக இருந்த காலத்தில், காலால் மட்டுமே உதைத்து முக்குளித்து மீன் பிடித்த, ஒன்றே முக்கால் மீட்டர் வரை வளர்ந்த ஜீவன் அது. ஊர்க் குளத்து முக்குளிப்பானைப் போய்ப் பாருங்கள், கால் எவ்வளவு பின்னால் தள்ளி இருக்கிறது, தரையில் எவ்வளவு திண்டாடுகிறது என்று. ஹெஸ்பெரோர்னிஸ் அதைவிட மோசம், ஆகவே பாறைமேல் நிமிர்த்தி நிறுத்தாமல் வயிற்றில் படுக்க வையுங்கள், இல்லாவிட்டால் தண்ணீரிலேயே விட்டுவிடுங்கள். இன்னொன்று, பல். மேல் அலகின் முன்பகுதியில் பல் கிடையாது, பின்னால்தான். கீழ்த்தாடையில் முழுக்க உண்டு. நீங்கள் முதலை மாதிரி சுற்றிலும் வைத்துவிட்டீர்கள்.

கே: டெரர் பேர்ட் வரைய நெருப்புக்கோழி போட்டோவில் தலையை மட்டும் மாற்றினால் போதாதா?
வாசகர், சேலம்

ப: போதாது. டெரர் பேர்ட் என்பது அழிந்துபோன, பறக்காத பெரிய வேட்டைப் பறவைகளின் கூட்டம். அதில் ஒன்றான, அர்ஜென்டினாவில் கிடைத்த கெலென்கெனின் மண்டையோடு மட்டுமே 71 சென்டிமீட்டர், அந்தச் சுமையை நெருப்புக்கோழிக் கழுத்தில் ஏற்றினால் பார்க்கிறவருக்கே கழுத்து வலிக்கும். நெருப்புக்கோழியின் காலில் இரண்டே விரல் என்பது வேறு. இன்று இருப்பவற்றில் டெரர் பேர்டுக்குக் கிட்டத்துச் சொந்தம் தென் அமெரிக்கப் புல்வெளியில் திரியும் செரிமா. பல்லியையும் பாம்பையும் அலகால் கவ்வித் தரையில் ஓங்கி ஓங்கி அடிக்கும். அந்த வீடியோவை நிறுத்தி நிறுத்திப் பார்த்து, கழுத்து எங்கே வளைகிறது, கால் எங்கே ஊன்றுகிறது என்று இருபது கோட்டுப்படம் போடுங்கள், பிறகு உடலைத் தடிமனாக்குங்கள். செரிமாவுக்கு நீளமான கண்ணிமை மயிர் உண்டு, பார்க்க சினிமா நடிகை போல இருக்கும். அதையும் வைக்கலாமா என்றால், தாராளமாக. மண்டையோட்டில் அதை மறுக்க எதுவும் இல்லை.