ஜெர்ரி பிரவுன் மறுபடியும் நின்றது சரியா?

அன்புள்ள ஐயா,

மூத்த அரசியல்வாதிகள் பற்றிய கட்டுரையில், 2010இல் ஜெர்ரி பிரவுன் கலிஃபோர்னியா ஆளுநர் தேர்தலில் நின்றது நியாயம்தான் என்று எழுதியிருந்தீர்கள். அப்பா ஆளுநர், மகன் ஆளுநர். அந்த மகனே இரண்டு முறை ஆண்டு முடித்துவிட்டு 72 வயதில் மறுபடியும் வந்து நிற்கிறார். நம்மூரில் நடந்தால் வாரிசு அரசியல், பதவி ஆசை என்போம். அமெரிக்காவில் நடந்தால் அனுபவமா? இளையவர்களுக்கு எப்போதுதான் வழி விடுவது?

— ஒரு வாசகர், சான் ஹோசே

அன்புள்ள நண்பருக்கு,

வாரிசு என்று நீங்கள் சொல்வது உண்மை. பாட் பிரவுன் 1959 முதல் 1967 வரை ஆளுநராக இருந்திராவிட்டால், 1974இல் 36 வயதுக்காரரை அந்த நாற்காலிக்கு யாரும் தேர்ந்தெடுத்திருக்க மாட்டார்கள். அதற்குச் சப்பைக்கட்டு கட்ட நான் தயாராக இல்லை. ஆனால் 2010இல் ஓட்டுக் கேட்டு வந்தவர் வேறு மனிதர் என்பது என் எண்ணம்.

நடுவில் என்ன செய்தார் என்று பாருங்கள். 1982இல் செனட் தேர்தலில் தோற்றார். 1992இல் ஜனாதிபதி வேட்பாளராகும் போட்டியில் கிளிண்டனிடம் தோற்றார். அப்புறம் 1999இல் ஓக்லாந்து மேயர் ஆனார். ஒரு மாநிலத்தையே எட்டு வருடம் ஆண்டவர், சுமார் நாலு லட்சம் பேர் வாழும், கொலைகளுக்குப் பேர்போன ஒரு நகரத்தின் குப்பையையும் போலீஸையும் பள்ளிக்கூடத்தையும் கவனிக்க வந்தார். பதவி ஆசை மட்டும் இருப்பவர் இவ்வளவு கீழே இறங்கி வரமாட்டார். கைதி திருந்தினாரா என்று பாராமல் சிறை தண்டனைக் காலத்தை முன்கூட்டியே நிர்ணயிக்கும் சட்டத்தில் 1976இல் கையெழுத்திட்டவர் அவரேதான். அந்தச் சட்டப்படி தண்டனை முடிந்து வெளியே வந்தவர்கள் மறுபடியும் குற்றத்தில் இறங்குவதை மேயராக நேரில் பார்த்தபிறகு, அது தோல்வி என்று பகிரங்கமாகச் சொன்னார். 2016இல் அதன் கடுமையைத் தளர்த்தும் பிரேரணையை மக்கள் முன் வைத்து ஜெயிக்கவும் செய்தார்.

வரி விஷயம் இதைவிடப் பெரியது. 1978இல் மக்கள் வாக்களித்துக் கொண்டுவந்த 13ஆம் பிரேரணை, சொத்து வரிக்கு உச்சவரம்பு கட்டியது. மாநில வரியை உயர்த்தச் சட்டமன்றத்தில் மூன்றில் இரண்டு பங்கு ஆதரவு வேண்டும் என்றும் விதித்தது. அரசு கஜானாவில் உபரி குவிந்து கிடந்தபோது வீட்டுக்காரர்கள் வரிச்சுமையில் தவித்ததுதான் அந்தக் கோபத்துக்கு ஒரு காரணம். அப்போது ஆளுநர் பிரவுன். முதலில் எதிர்த்தார், ஜெயித்ததும் தானே முன்நின்று நடைமுறைப்படுத்தினார். 2011 ஜனவரியில் அவர் திரும்பி வந்தபோது பற்றாக்குறை சுமார் 2,500 கோடி டாலர். தான் இருந்தபோது விழுந்த முடிச்சு எங்கே இருக்கிறது என்று அவருக்குத் தெரியும்.

பதவியேற்ற முதல் மாதமே அரசு ஊழியர்களிடமிருந்து 48,000 செல்போன்களைத் திருப்பி வாங்க உத்தரவிட்டார். அதில் மிச்சமாகும் பணம் அற்பம்தான், ஆனால் அடுத்து வரப்போகும் வெட்டுகளுக்கு ஊழியர்களின் மனதைத் தயார்ப்படுத்தியது. சொத்து வரியில் ஒரு பங்கை எடுத்து நகரங்களைப் புதுப்பித்துவந்த மறுசீரமைப்பு முகமைகளை ஒழித்தது இன்னும் கடினமான காரியம். ஓக்லாந்து மையப் பகுதியில் வீடுகள் கட்ட மேயர் பிரவுன் நம்பியிருந்ததே அந்த முகமைப் பணத்தைத்தான்! முடியவிருந்த தற்காலிக வரிகளை நீட்டிக்கச் சட்டமன்றத்தில் எதிர்க்கட்சியான குடியரசுக் கட்சியினர் ஓட்டுப் போட மறுத்ததும், கையெழுத்து திரட்டி 2012இல் 30ஆம் பிரேரணையாக நேரே மக்களிடம் போனார். பணக்காரர்களின் வருமான வரியும் விற்பனை வரியில் கால் சதவீதமும் உயர்ந்தன. 2019இல் அவர் விடைபெறும்போது கஜானாவில் உபரி இருந்தது.

2010 தேர்தலில் எதிரில் நின்ற மெக் விட்மன் இளையவர், ஈபே நிறுவனத்தை வளர்த்தவர். சொந்தப் பணம் மட்டும் சுமார் 14 கோடி டாலர் செலவழித்தார். ஆனால் பல வருடம் ஓட்டுப் போடவே போகாதவர். பொதுவாழ்வில் ஒரு சின்னப் பொறுப்பைக்கூட வகிக்காமல் நேரே ஆளுநர் நாற்காலியைக் கேட்டதுதான் எனக்கு உறுத்தியது.

இளையவர்களுக்கு வழி என்று கேட்டீர்கள். பிரவுனுடன் கட்சிக்குள் போட்டியிட இறங்கி, 2009 அக்டோபரில் விலகியவர் கேவின் நியூசம். 2010இல் துணை ஆளுநராகி, எட்டு வருடம் காத்திருந்து ஆளுநரானார். அந்தக் காத்திருப்பு அநியாயம் என்று எனக்குத் தோன்றவில்லை. பிரவுன் மறுபடியும் நிற்க முடிந்ததற்குச் சட்டத்தின் ஓட்டையும் ஒரு காரணம் என்பதைச் சொல்லிவிடுகிறேன். இரண்டு முறைக்கு மேல் கூடாது என்ற விதி 1990இல்தான் வந்தது, பழைய காலம் கணக்கில் சேராது.

அவர்மேல் எனக்குள்ள பெரிய குறை அதிவேக ரயில். 2015 ஜனவரியில் ஃப்ரெஸ்னோவில் கோலாகலமாக வேலையைத் தொடங்கிவைத்தார். பதவியை விட்டுப் போகும்போது ஒரு ரயில்கூட ஓடவில்லை, செலவு மதிப்பீடு மட்டும் ஏறியிருந்தது. இனி தேர்தலே இல்லை என்கிற மூத்தவர் தன் கனவுக்காகப் பிறர் பணத்தைக் கட்டிவைக்கும் ஆபத்து அதில் தெரிகிறது. உங்கள் வாதத்துக்கு வயதைவிட இதுதான் வலுவான ஆதாரம்.

அன்புடன்.