வைஃபை பெயரை மறைக்க 1,500 ரூபாய் கொடுக்காதீர்கள்

கேள்வி: கரூரில் கீழ்த்தளத்தில் பெட்ஷீட் தைக்கும் சின்ன யூனிட் வைத்திருக்கிறேன். மாடியில் வீடு. இரண்டுக்கும் ஒரே பைபர் கனெக்ஷன்தான். சில மாதங்களாக நெட் இழுக்கிறது. கம்பெனி ஆப்பில் பார்த்தால் 19 கருவிகள் இணைந்திருப்பதாகக் காட்டுகிறது. எங்களிடம் எண்ணிப் பார்த்தால் பத்துக்கு மேல் இல்லை. கனெக்ஷன் போட்டுக் கொடுத்த ஏரியா பையனிடம் சொன்னேன். “வைஃபை பெயரை மறைத்து, மேக் பில்டரும் போட்டு விடுகிறேன், 1,500 ரூபாய் ஆகும்” என்கிறார். கொடுக்கலாமா? வேறு யாராவது நம் நெட்டில் ஏதாவது செய்தால் போலீஸ் நம்மைத்தான் தேடி வரும் என்று பக்கத்து யூனிட்காரர் பயமுறுத்துகிறார். அது உண்மையா?

பதில்: பணத்தைக் கொடுக்காதீர்கள் அம்மா. அவர் சொல்லும் இரண்டு வேலைகளிலும் பூட்டு என்று சொல்லத்தக்கது எதுவும் இல்லை.

முதலில் பெயரை மறைப்பது. பெயரை மறைத்தாலும் உங்கள் வைஃபை பெட்டி வாய்மூடி இருப்பதில்லை. உங்கள் போன் ஒவ்வொரு முறை சேரும்போதும் அந்தப் பெயரைச் சொல்லித்தான் சேர வேண்டும். அதைக் காற்றிலேயே பிடித்துக் காட்டும் மென்பொருள்கள் இலவசமாகக் கிடைக்கின்றன. அது மட்டுமா? மறைத்த பெயரைத் தேடும் வேலை உங்கள் போன் தலையில் விழுகிறது. நீங்கள் கரூர் பஸ் ஸ்டாண்டில் நின்றாலும் “அந்த வைஃபை இங்கே இருக்கிறதா” என்று அது பெயர் சொல்லிக் கேட்டுக்கொண்டே இருக்கும். வீட்டுக்குள் மறைத்ததை ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு போவதாக முடியும்.

அடுத்தது மேக் பில்டர். ஒவ்வொரு கருவிக்கும் ஓர் அடையாள எண் உண்டு. பட்டியலில் உள்ள எண்களை மட்டும் உள்ளே விடுவதுதான் இந்த ஏற்பாடு. ஆனால் அந்த எண் ஒளிவுமறைவின்றிக் காற்றில் போகிறது. விஷயம் தெரிந்தவர் உங்கள் போனின் எண்ணைப் பார்த்து அதையே தன் கருவிக்கு வைத்துக்கொள்வார். 2019இல் வந்த ஆண்ட்ராய்டு 10, 2020இல் வந்த ஐஓஎஸ் 14 காலத்திலிருந்து போன்களே தங்கள் உண்மை எண்ணைக் காட்டாமல் மாற்று எண்ணைக் காட்டுகின்றன. அதனால் இந்தப் பில்டர் திருடுபவரை நிறுத்தாது. புதுப் போன் வாங்கிய உங்கள் வீட்டுப் பிள்ளையை நிறுத்தும். ஒவ்வொரு தடவையும் அதே ஏரியா பையனைக் கூப்பிட வேண்டி வரும். இந்த வேலையைத் தலையில் கட்டுபவர்களுக்கு அது தெரியாமல் இல்லை.

அந்த 19ஐக் கண்டு ரொம்பப் பயப்படவும் வேண்டாம். டிவி, பிரின்டர், சிசிடிவி காட்சியைப் பதிவு செய்யும் டிவிஆர் பெட்டி, இன்வர்ட்டர், பிள்ளைகள் எப்போதோ சேர்த்த பழைய டேப் எல்லாம் அதில் சேரும். பெட்டி 2.4, 5 கிகாஹெர்ட்ஸ் என்ற இரண்டு அலைவரிசைக்கும் தனித்தனிப் பெயரில் வைஃபை தந்தால் ஒரே போன் இரண்டு எண்களில் தெரியலாம். ஆனாலும் ஒன்பது கருவி கூடுதல் என்றால் வெளியாள் இருக்க வாய்ப்பு உண்டு. எப்படி வந்திருப்பார்கள்?

உங்கள் பாஸ்வேர்ட் உங்கள் செல் நம்பரா? நான் இருபது வருடமாக இந்த வேலை பார்க்கிறேன். போய்ப் பார்த்த சின்ன ஆபீஸ்களில் பெரும்பாலும் அதுதான் இருந்தது. கனெக்ஷன் போட வருபவர் அவசரத்தில் வாடிக்கையாளரின் நம்பரையே பாஸ்வேர்டாக வைத்துவிட்டுப் போய்விடுகிறார். உங்கள் நம்பர் யூனிட் போர்டிலேயே எழுதியிருக்கும். போர்டு இல்லை என்றாலும் ஆபத்து குறைவதில்லை. உங்கள் போன் வைஃபையில் சேரும் அந்த நொடியில் நடக்கும் பரிமாற்றத்தை ஒருவர் பதிவு செய்து கொண்டுபோய், வீட்டில் உட்கார்ந்து ஒவ்வொரு நம்பராகப் போட்டுப் பார்க்க முடியும். நம் நாட்டு செல் நம்பர் 6, 7, 8, 9 என்ற நான்கில் ஒன்றில்தான் தொடங்கும். மொத்தம் 400 கோடி வாய்ப்புகள். கேம் விளையாடுகிறவர்கள் வாங்கும் விலை கூடிய கிராபிக்ஸ் கார்டு நொடிக்குப் பத்து லட்சம் போட்டுப் பார்க்கும். கணக்குப் போட்டால் ஒரு மணி நேரத்துக்குச் சற்றே அதிகம், அவ்வளவுதான்.

ஆகவே முதல் வேலை பாஸ்வேர்டை மாற்றுவது. எட்டு முதல் 63 எழுத்து வரை வைக்கலாம். ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாத நான்கு தமிழ்ச் சொற்களை ஆங்கில எழுத்தில் சேர்த்து எழுதுங்கள்: முருங்கை, பெடல், சித்தி, மழை என்பது போல. இதையே வைத்துவிடாதீர்கள், உங்களுடையதாக யோசியுங்கள். பெயர், பிறந்த வருடம், யூனிட் பெயர் வேண்டாம். பக்கத்திலேயே பாதுகாப்பு வகை என்று ஒரு தேர்வு இருக்கும். அதில் டபிள்யூபிஏ2 அல்லது டபிள்யூபிஏ3 இருக்கட்டும். டபிள்யூஇபி என்று இருந்தால் அன்றே மாற்றுங்கள். அது 2001லேயே உடைபட்ட பூட்டு.

அதே திரையில் டபிள்யூபிஎஸ் என்று ஒன்று இருந்தால் அணைத்துவிடுங்கள். பாஸ்வேர்ட் அடிக்காமல் எட்டு இலக்க எண்ணால் சேரும் வசதி அது. எட்டு இலக்கம் என்றால் பெரிய எண்ணாகத் தோன்றும். பெட்டி அதை இரண்டு பாதியாகத் தனித்தனியே சரிபார்க்கிறது, கடைசி இலக்கம் மற்றவற்றிலிருந்து கணக்கிட்டு வருவது. ஆக அதிகபட்சம் 11,000 முறை முயன்றால் போதும். 2011 டிசம்பரில் இது வெளியே தெரிந்தது. இத்தனை வருடம் கழித்தும் அதைத் திறந்து வைத்தே பெட்டியைக் கொடுத்துவிட்டுப் போகிறார்கள், எனக்கு ஆறவில்லை.

இப்போது முக்கியமான விஷயம். வைஃபை பாஸ்வேர்ட் வேறு, பெட்டிக்குள் நுழையும் அட்மின் பாஸ்வேர்ட் வேறு. வைஃபை பாஸ்வேர்ட் வாசல் சாவி என்றால் அட்மின் பாஸ்வேர்ட் பூட்டையே மாற்றும் உரிமை. பெட்டியின் அடியில் ஒட்டியிருக்கும் சீட்டைப் பாருங்கள். 192.168.1.1 போன்ற ஒரு முகவரியும், பெயரும் பாஸ்வேர்டும் இருக்கும். இரண்டுமே அட்மின் என்று இருந்தால் உங்கள் நெட்டில் சேர்ந்த யாரும் உள்ளே போய் எதையும் மாற்றலாம். இந்தப் பாஸ்வேர்டைத்தான் ஏரியா பையன்கள் தங்கள் கையிலேயே வைத்திருப்பார்கள். தெரு முழுக்க ஒரே பாஸ்வேர்ட் போட்டு வைத்தவர்களைப் பார்த்திருக்கிறேன். அவர் நல்லவராகவே இருக்கலாம். வேலையை விட்டுப் போன அவர் கூட்டாளியும் நல்லவரா என்பது உங்களுக்குத் தெரியாது. கேளுங்கள், வாங்குங்கள், மாற்றுங்கள்.

கேட்டால் தரமாட்டேன் என்பார்கள். “கம்பெனி ரூல்” என்பார்கள். கஸ்டமர் கேருக்குப் போன் செய்தால் புகார் எண் ஒன்று வரும், மறுநாள் “தீர்க்கப்பட்டது” என்று குறுஞ்செய்தி வரும், பாஸ்வேர்ட் வராது. ஒரு பல் மருத்துவருக்காக இப்படி நான்கு தடவை அலைந்திருக்கிறேன். மாதாமாதம் பணம் கட்டுகிறவர் தன் வீட்டுச் சாவியைக் கேட்டு அலைய வேண்டியிருப்பது அநியாயம்.

உங்களுக்கும் தரவில்லை என்றால் வழி இருக்கிறது. இதைக் கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள். அந்த 1,500 ரூபாயோடு தேவைப்பட்டால் கொஞ்சம் சேர்த்துச் சொந்தமாக ஒரு ரவுட்டர், அதாவது வைஃபை தரும் பெட்டி, வாங்குங்கள். கம்பெனி பெட்டியின் லேன் (LAN) துளை ஒன்றிலிருந்து வயர் எடுத்து, புது ரவுட்டரில் வேறு நிறத்தில் அல்லது தள்ளித் தனியாக இருக்கும் வேன் (WAN) துளையில் செருகுங்கள். புது ரவுட்டருக்குப் புதுப் பெயர், புதுப் பாஸ்வேர்ட், புது அட்மின் பாஸ்வேர்ட். இரண்டு பெட்டியும் ஒரே 192.168.1 வரிசையில் இருந்தால் நெட் வராமல் திணறும், புதியதன் முகவரியை 192.168.50.1 என்று மாற்றினால் சரியாகிவிடும். லேண்ட்லைன் போன் இருந்தால் அது பழைய பெட்டியிலேயே இருக்கட்டும். பழைய பெட்டியின் வைஃபையை அணைப்பதுதான் இதில் சிக்கல். சில பெட்டிகளில் பக்கவாட்டில் அதற்கென்றே பட்டன் இருக்கும். இல்லையென்றால் கம்பெனி ஆப்பில் தேடுங்கள். அதிலும் இல்லையென்றால் ஏரியா பையனை வரச் சொல்லி, அவர் அணைக்கும்போது பக்கத்தில் நில்லுங்கள். அணைக்காமல் விட்டால் இத்தனை செலவும் வீண், பழைய பாஸ்வேர்ட் தெரிந்தவர்கள் பழைய வழியிலேயே வந்து உங்கள் நெட்டைக் குடிப்பார்கள்.

இந்த இரட்டைப் பெட்டி ஏற்பாட்டில் ஒரு லாபமும் உண்டு. சிசிடிவி டிவிஆரின் வயரைப் பழைய பெட்டியிலேயே விட்டுவிடுங்கள். வெளியிலிருந்து அதைக் கைப்பற்றியவர் புது ரவுட்டருக்குப் பின்னால் இருக்கும், கணக்கு எழுதும் உங்கள் டேலி கம்ப்யூட்டருக்கு எளிதில் வர முடியாது. டிவிஆரைப் பற்றி நான் வலியுறுத்துவதற்குக் காரணம் இருக்கிறது. 2016இல் மிராய் என்ற தீநிரல் உலகம் முழுக்க லட்சக்கணக்கான கேமராக்களையும் டிவிஆர்களையும் பிடித்தது. அதற்குப் பெரிய வித்தை எதுவும் தேவைப்படவில்லை. தொழிற்சாலையில் வைத்த பாஸ்வேர்டுகள் அறுபது சொச்சத்தை வரிசையாகப் போட்டுப் பார்த்தது, திறந்துகொண்டது. கேமரா மாட்ட வருபவர் “போனில் பார்க்கலாம் மேடம்” என்று சொல்லி, வெளியிலிருந்து நெட் வழியாக டிவிஆருக்கு வர வைஃபை பெட்டியில் ஒரு வாசலைத் திறந்துவிட்டு, டிவிஆர் பாஸ்வேர்டை 123456 என்றே விட்டுப் போவார். வைஃபையை எவ்வளவு இறுக்கிப் பூட்டினாலும் இந்தக் கொல்லைக் கதவு திறந்தே கிடக்கும். டிவிஆர் பாஸ்வேர்டை இன்றே மாற்றுங்கள்.

யூனிட்டில் வேலை செய்கிறவர்களுக்கு நெட் தர வேண்டாம் என்று சொல்ல மாட்டேன். வீட்டுக்குப் பணம் அனுப்புவது, பிள்ளையோடு பேசுவது எல்லாம் அதில்தான் நடக்கிறது. ரவுட்டரில் கெஸ்ட் நெட்வொர்க் என்று இருக்கும். அதைத் திறந்து அவர்களுக்குத் தனிப் பெயர், தனிப் பாஸ்வேர்ட் கொடுங்கள். அதில் சேர்ந்த போனுக்கு நெட் வரும், உங்கள் கம்ப்யூட்டர் தெரியாது. மெயின் பாஸ்வேர்டை ஒரே ஒருவருக்குக் கொடுத்தாலும் அது பரவும், ஏனென்றால் போனில் சேமித்த பாஸ்வேர்டை ஒரு கியூஆர் படமாகக் காட்டிவிடலாம், எதிரே இருப்பவர் ஸ்கேன் செய்தால் போதும். உங்கள் யூனிட்டை விட்டு யாராவது நின்றால் கெஸ்ட் பாஸ்வேர்டை மட்டும் மாற்றினால் முடிந்தது.

போலீஸ் விஷயத்துக்கு வருகிறேன். பக்கத்து யூனிட்காரர் சொன்னது வெறும் பயமுறுத்தல் இல்லை. 2008 ஜூலை 26 அன்று ஆமதாபாத்தில் குண்டுகள் வெடிப்பதற்குச் சற்று முன் ஒரு மிரட்டல் மின்னஞ்சல் வந்தது. அது நவி மும்பையில் குடியிருந்த ஓர் அமெரிக்கரின் பூட்டாத வைஃபை வழியாகப் போயிருந்தது. அவருக்கும் அந்தச் செயலுக்கும் தொடர்பில்லை என்பது பின்னால்தான் தெளிவானது. விசாரணை முதலில் அவர் வீட்டு வாசலில்தான் வந்து நின்றது. நெட் கம்பெனி பதிவேட்டில் இருப்பது கனெக்ஷன் யார் பெயரில் என்பதுதான். உள்ளே எந்தப் போன் என்பது அதில் இராது. மறுநாளே கைது என்று பொருள் இல்லை. நான் செய்யவில்லை என்று விளக்கும் அலைச்சல் உங்கள் தலையில் விழும்.

மறுபக்கமும் உண்டு. அனுமதியில்லாமல் அடுத்தவர் நெட்வொர்க்கில் நுழைவது தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 43ஆம் பிரிவில் வருகிறது. கெட்ட நோக்கத்தோடு செய்தால் 66ஆம் பிரிவின்படி மூன்று வருடம் வரை சிறை, ஐந்து லட்சம் வரை அபராதம், அல்லது இரண்டும். இதை வைத்துக்கொண்டு பக்கத்து வீட்டுப் பையன்மேல் இப்போதே சந்தேகப்பட வேண்டாம். உங்கள் பாஸ்வேர்டை அவனுக்கு உங்கள் வீட்டிலேயே யாராவது கொடுத்திருக்கலாம்.

பாஸ்வேர்டை மாற்றுவதற்கு முன் ஒரு காரியம் செய்துவிடுங்கள். ஆப்பில் தெரியும் அந்த 19 பெயர்களையும் எண்களையும் தேதி தெரியும்படி படம் எடுத்து, உங்கள் மின்னஞ்சலுக்கே அனுப்பி வையுங்கள். மாற்றிய பிறகு அந்தப் பட்டியல் கிடைக்காமல் போகலாம். நாளைக்கு யாராவது கேட்டால் காட்டுவதற்கு உங்களிடம் இருக்கப்போவது அது ஒன்றுதான்.