பட்டறை பதில்கள்: புது மோட்டாரும் பழைய பல்லும்

கேள்வி: சத்தியமங்கலம் பக்கம் எனக்கு மல்லிகைத் தோட்டம் இருக்கிறது. விடியற்காலையில் பூ மார்க்கெட்டுக்கு எங்கள் பழைய ஆம்னியில்தான் பூ போகிறது. போன மாதம் சாவியைத் திருப்பினால் ‘டக்’ என்று ஒரு சத்தம் மட்டும் வந்தது. ஸ்டார்ட்டர் மோட்டாரை மாற்றச் சொன்னார்கள். பழைய பொருள் கடையில் ஒன்று வாங்கி, மைத்துனரும் நானும் மாட்டினோம். இப்போது சில நாள் ஒழுங்காகக் கிளம்புகிறது, சில நாள் ‘கர்ர்ர்’ என்று அரைக்கிறது. மோட்டார் மோசமா, நாங்கள் மாட்டியது மோசமா?

பதில்: உங்கள் கடிதத்தில் ‘சில நாள்’ என்ற சொல்லில்தான் என் கண் நின்றது. அளவு பொருந்தாத மோட்டார் தினமும் அரைக்கும். அதற்கு நாள் நட்சத்திரம் கிடையாது. எனக்கு ஃப்ளைவீல் ரிங்கின் மேல்தான் சந்தேகம். ஃப்ளைவீல் என்பது என்ஜினோடு சுற்றும் கனத்த சக்கரம், ரிங் என்பது அதன் விளிம்பில் இருக்கும் பல் வளையம்.

ஆம்னிக்கு மூன்று சிலிண்டர். அணைக்கும்போது ஏதாவது ஒரு சிலிண்டரின் அமுக்கத்தில் முட்டி என்ஜின் நின்றுவிடும். அதனால் ஃப்ளைவீல் ஏறக்குறைய அதே மூன்று இடங்களில் ஒன்றில்தான் வந்து ஓய்கிறது. இத்தனை வருடங்களாக மோட்டாரின் பினியன், அதாவது நுனியில் இருக்கும் சின்னப் பல்சக்கரம், அந்த மூன்று இடத்துப் பற்களையே கொத்தித் தின்றிருக்கும். தேய்ந்த இடம் எதிரே வந்தால் அரைக்கும், தப்பி நின்றால் கிளம்பும்.

அடுத்த முறை அரைத்தால் சாவியை உடனே அணைத்துவிடுங்கள். நாலாவது கியரைப் போட்டு வண்டியைக் கொஞ்சம் முன்னே தள்ளுங்கள். பிறகு நியூட்ரலுக்குக் கொண்டுவந்து சாவியைத் திருப்புங்கள். (நியூட்ரலை மறந்த ஒருவர் என் பட்டறைக் கதவிலேயே முட்டினார். அந்தப் பள்ளத்தை நான் இன்னும் தட்டி எடுக்கவில்லை.) சத்தமில்லாமல் கிளம்பினால் குற்றவாளி ரிங்தான். அதற்குக் கியர்பாக்ஸை இறக்க வேண்டும். புது ரிங் போடுவது நல்லது. பணம் இடித்தால், பழைய ரிங்கைச் சூடாக்கிக் கழற்றி, 60 டிகிரி நகர்த்தி மாட்டச் சொல்லுங்கள். தேயாத பற்கள் அந்த மூன்று இடத்துக்கும் வந்துவிடும். இறக்கியதுதான் இறக்கினோம் என்று கிளட்ச் பிளேட்டையும் ஒரு பார்வை பார்த்துவிடுங்கள்.

அதற்கு முன், செலவில்லாத வேலை ஒன்று. பழைய மோட்டாரையும் புதியதையும் ஒரு சாக்கின் மேல் பக்கத்தில் பக்கமாக வைத்துப் பினியன் பற்களை எண்ணுங்கள். போல்ட் துளைகளும் ஒத்திருக்க வேண்டும். திரும்ப மாட்டும்போது எல்லா போல்ட்களையும் முதலில் கையாலேயே திருகி நுழையுங்கள். ஒன்றை ஸ்பானரால் இறுக்கிவிட்டு மற்றதைத் தேடினால் மோட்டார் மயிரிழை சாயும், அதுவும் அரைக்கும். உட்காரும் முகத்தில் துருவோ பெயின்டோ இருந்தால் எமரித் தாளால் தேய்த்துவிடுங்கள். மோட்டாருக்கு எர்த், அதாவது மின்சாரம் பேட்டரிக்குத் திரும்பும் வழி, அந்த இரும்பு மூலமாகத்தான் கிடைக்கிறது.

பேட்டரியின் நெகட்டிவ் ஒயரைக் கழற்றிவிட்டுத்தானே வேலை செய்தீர்கள்? மோட்டாருக்கு வரும் தடித்த ஒயரில் எப்போதும் மின்சாரம் நிற்கும். ஸ்பானர் பாடியில் பட்டால் வெல்டிங் வைத்தது போல் ஒட்டிக்கொள்ளும்.

இனி அந்த முதல் ‘டக்’. அது சொலினாய்டு, அதாவது மோட்டாருக்கு மின்சாரம் விடும் காந்த சுவிட்ச், இழுத்த சத்தம். இழுத்த பிறகும் மோட்டார் சுற்றவில்லை என்றால், மோட்டார்தான் போயிற்று என்று தீர்ப்பெழுத முடியாது. சாவியைத் திருப்பிப் பிடித்திருக்கும்போது பேட்டரியில் வைத்த மீட்டர் 9.6 வோல்ட்டுக்குக் கீழே இறங்கினால் முதலில் பேட்டரியைப் பாருங்கள். அதே நேரத்தில் பேட்டரியின் நெகட்டிவுக்கும் என்ஜின் இரும்புக்கும் இடையே அரை வோல்ட்டுக்கு மேல் காட்டினால் கோளாறு எர்த் ஒயரில். தொழிலுக்கு வந்த புதிதில் ஓர் அம்பாசடருக்கு மோட்டாரை மாற்றினேன், திரும்பவும் ‘டக்’. கடைசியில் எர்த் ஒயரின் நுனியைச் சுரண்டினால் உள்ளே பச்சைப் பொடி. மோட்டாருக்கு வாங்கிய காசை அந்தப் பெரியவரிடம் திருப்பிக் கொடுத்தேன்.

ஆகவே உங்கள் பழைய மோட்டாரை எடைக்குப் போட்டுவிடாதீர்கள். உண்மையிலேயே தேய்ந்திருந்தாலும் பெரும்பாலும் உள்ளே மின்சாரம் கடத்தும் கார்பன் கட்டையும், தண்டைத் தாங்கும் புஷ்ஷும்தான். அதைப் பிரித்துப் பார்க்க எலக்ட்ரீஷியன் உங்கள் ஊரிலேயே இருப்பார்.

கேள்வி: கார் கிளம்பாவிட்டால் சாவியை எவ்வளவு நேரம் திருப்பிப் பிடிக்கலாம்? (திருச்செங்கோடு வாசகி)

பதில்: 10 விநாடி. பிறகு ஒரு நிமிடம் பொறுங்கள். கிணற்று மோட்டார் மணிக்கணக்கில் ஓடுவதற்கென்று செய்தது. இதுவோ நூறு ஆம்பியருக்கு மேல் இழுத்து, சில விநாடியில் வேலையை முடித்துக்கொள்ளும் மோட்டார். விடாமல் பிடித்தால் சுருள் கருகிவிடும். மூன்று தடவைக்குள் கிளம்பவில்லை என்றால் பெட்ரோல் முள்ளைப் பாருங்கள். சிரிக்காதீர்கள், மாதத்துக்கு ஒருவராவது அதற்காகவே என்னைக் கூப்பிடுகிறார்கள்.