சாந்தரெல் காளானும் சிறகவரையும்: வாசகர் கேள்விகள்

கே: சாந்தரெலைச் சிப்பிக்காளான் மாதிரி வைக்கோல் பையில் வளர்க்கலாமா?

ப: வளராது. சிப்பிக்காளான் மட்கும் பொருளைத் தின்று வளர்வது. சாந்தரெலோ ஓக், பைன், பீச் மரங்களின் உயிருள்ள வேர்நுனியைச் சூழ்ந்து, மரம் தரும் சர்க்கரையில் வாழ்வது. வைக்கோலுக்கென்று யாராவது சாந்தரெல் வித்து விற்றால் வாங்காதீர்கள்.

கே: சிறகவரைக்கும் வேரில் கூட்டாளி உண்டே, இரண்டும் ஒன்றுதானே?

ப: இல்லை. சாந்தரெல் விஷயத்தில் காளானே மரத்தின் கூட்டாளி. மண்ணிலுள்ள சத்தையும் நீரையும் மரத்துக்குத் திரட்டித் தரும். சிறகவரையின் கூட்டாளி ரைசோபியம் வகை பாக்டீரியா. காற்றின் நைட்ரஜனை அது பிடித்துத் தரும். பூஞ்சையால் அது ஆகாது. பூக்கும் பருவத்தில் ஒரு செடியை வேரோடு தோண்டி, வேர்முடிச்சை நகத்தால் பிளந்து பாருங்கள். உள்ளே இளஞ்சிவப்பாக இருந்தால் வேலை நடக்கிறது. வெள்ளையோ பச்சையோ என்றால் இல்லை. முடிச்சே இல்லாவிட்டால் அடுத்த முறை ரைசோபியத்தில் விதைநேர்த்தி செய்து விதையுங்கள். யூரியாவை அள்ளிப் போட்டால் முடிச்சு கட்டுவது குறைந்துவிடும்.

கே: பந்தல் நிறையப் படர்ந்தும் சிறகவரை பூக்கவில்லை, ஏன்?

ப: பெரும்பாலான ரகங்கள் பகல் பொழுது சுருங்கினால்தான் பூக்கும். நீண்ட பகலில் இலையாகவே தள்ளும்.

கே: நன்றாக வேகவைத்தால் எந்த நஞ்சும் போய்விடும் அல்லவா?

ப: இந்த நம்பிக்கைதான் ஆளைக் கொல்கிறது. முதிர்ந்த சிறகவரை விதையில் லெக்டின், டிரிப்சின் தடுப்பான் என்ற, செரிமானத்தைக் கெடுக்கும் பொருள்கள் உண்டு. இரவு முழுக்க ஊறவைத்து, அந்த நீரைக் கொட்டிவிட்டு, புது நீரில் தளதளவென்று கொதிக்கவிட்டு, விரலால் நசுங்கும் பதம்வரை வேகவிட்டால் அவை செயலிழக்கும். கொதிநிலைக்கு வராத இளஞ்சூட்டில் வெந்தால் லெக்டின் தங்கிவிடும்.

காட்டுக் காளானில் இந்தக் கணக்கு செல்லாது. டெத் கேப் என்ற கொடிய காளானின் நஞ்சான அமாடாக்சின் கொதித்தாலும் காய்ந்தாலும் அழியாது. வாந்தியும் பேதியும் பெரும்பாலும் 6 மணி நேரத்துக்குப் பிறகே தொடங்கும். நடுவில் தெளிந்ததுபோல் தோன்றும், அதற்குள் கல்லீரல் கெட்டுக்கொண்டிருக்கும். சந்தேகமென்றால் அறிகுறிக்குக் காத்திராமல், மிச்சக் காளானோடு உடனே மருத்துவமனைக்குப் போங்கள்.

கே: சாந்தரெல் போலவே தோன்றும் ஜாக்-ஓ-லாண்டர்ன் காளானை எப்படிப் பிரித்தறிவது?

ப: தொப்பியைக் கவிழ்த்துப் பாருங்கள். சாந்தரெலில் இருப்பவை கிளைபிரிந்து காம்புவரை இறங்கும் மழுங்கிய மடிப்புகள். சதையோடு ஒட்டியிருப்பதால் தனியே பிரிந்து வராது. நச்சுக் காளானில் கத்தி விளிம்பு போன்ற மெல்லிய செவுள்கள். நெடுக்காகக் கிழித்தால் சாந்தரெலின் உட்சதை வெளிறியிருக்கும், மற்றது உள்ளேயும் ஆரஞ்சு. கட்டையிலோ புதைந்த வேரிலோ கொத்தாக முளைத்திருந்தால் தொடவே வேண்டாம். மூன்றும் சேர்ந்து பொருந்தினாலும், முதல் சில முறை காளான் தெரிந்தவரிடம் காட்டிய பிறகே அடுப்பில் ஏற்றுங்கள்.